முதலில் கூரை, பிறகு முழக்கம்!
அயர்லாந்து குத்தகை விவசாயிகள் விட்டுச் சென்ற பாடம்



'பாய்காட்' என்ற சொல் நம் எல்லாருக்கும் தெரியும். மாணவர்கள் வகுப்பைப் பாய்காட் பண்ணினார்கள், வக்கீல்கள் கோர்ட்டைப் பாய்காட் பண்ணினார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். அது ஒரு ஆளின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஆள் ஒரு பெரிய நிலப்பிரபுவிடம் காரியஸ்தராக இருந்தவர். குத்தகை வசூல் பண்ண வந்தவர்! அவர் பெயரை உலகம் பூராவும் தெரிய வைத்தவர்கள் யார்? உருளைக்கிழங்கு போட்டு வயிறு கழுவிய சிறு குத்தகை விவசாயிகள்.

இது நடந்த இடம் அயர்லாந்து. இங்கிலாந்துக்கு மேற்கே கடலுக்கு அப்பால் இருக்கும் தீவு. நம்மை ஆண்ட அதே வெள்ளைக்கார அரசாங்கம்தான் அவர்களையும் ஆண்டது. 1879 முதல் இருபது முப்பது வருஷம் அந்த நாட்டு விவசாயிகள் குத்தகை கட்ட மறுத்துப் போராடினார்கள். ஜெயித்தும் இருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் கூட்டங்களிலும் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "எல்லாரும் சேர்ந்து கட்ட மாட்டோம்னு சொல்லிட்டா அவங்க என்ன பண்ணிட முடியும்?" என்று. என்ன பண்ண முடியும் என்பதை அயர்லாந்துக்காரர்கள் அனுபவித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் வெளியேற்றப்பட்ட குடும்பம் அன்று ராத்திரி எங்கே படுத்தது? அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போட்டார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்த இடத்தில் போராட்டம் நின்றது. இல்லாத இடத்தில் முழக்கம்தான் மிஞ்சியது. இதுதான் நாம் சொல்ல வருவது.

உழைப்பு ஒருத்தனுடையது, வீடு இன்னொருத்தனுடையது

1870-களில் அயர்லாந்து நிலத்தில் சுமார் பாதி எண்ணூறுக்கும் குறைவான குடும்பங்களின் கையில் இருந்தது. அதில் பலர் அந்த நாட்டில் குடியிருக்கக்கூட இல்லை. லண்டனில் உட்கார்ந்துகொண்டு காரியஸ்தரை வைத்து வசூல் பண்ணினார்கள். உழுதவர்களில் பெரும்பாலோர் வருஷக் குத்தகைக்காரர்கள். எழுத்தில் பாதுகாப்பு எதுவும் கிடையாது. போ என்றால் போக வேண்டியதுதான்.

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. கல் பொறுக்கி, வடிகால் வெட்டி, சேற்று நிலத்தை விளைநிலமாக்கியவர் குத்தகைக்காரர். கல்லும் மண்ணும் சுமந்து சுவர் வைத்து, கூரை வேய்ந்து வீடு கட்டியவரும் அவரே. ஆனால் நாட்டின் வடக்குப் பகுதி தவிர மற்ற இடங்களில், வெளியே போகும்போது அந்த வீடும் வடிகாலும் நிலப்பிரபுவுக்கே சொந்தம்! நிலம் நன்றாக விளைந்தால் குத்தகையை ஏற்றுவான். கட்ட முடியாவிட்டால் வெளியே தள்ளுவான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நாம் சொல்கிறோமே, அங்கே அந்த உழக்கு வைக்க வீடும் மிஞ்சவில்லை.

1845-இல் உருளைக்கிழங்கில் ஒரு நோய் விழுந்தது. ஏழை ஜனங்களுக்கு அதுதான் ஒரே சாப்பாடு. அடுத்த சில வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். அந்த நேரத்திலும் அந்த நாட்டிலிருந்து தானியமும் மாடும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தன. 1847-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணக் கஞ்சி கிடையாது! கஞ்சி வேண்டுமா, நிலத்தை விட்டுவிடு. இப்படியும், குத்தகை பாக்கி என்று சொல்லியும் லட்சக்கணக்கானவர்களைக் காலி பண்ணினார்கள்.

காலி பண்ணும்போது ஒரு வேலை செய்வார்கள். கூரையைப் பிடுங்கிப் போடுவார்கள், அல்லது தீ வைப்பார்கள். ஏன்? கூரை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பம் திரும்பி வந்து குடியேறிவிடும். அது நிலப்பிரபுவுக்குத் தெரியும். கூரையின் அருமையை நமக்கு முன்னால் புரிந்துகொண்டவன் அவன்தான்!

ஒற்றைக் கைக்காரர்

அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்துக் குடும்பம். 1850-இல் அவர்களை வீட்டை விட்டுத் துரத்தியபோது அவர்கள் பையனுக்கு நாலு வயசு. பெயர் மைக்கேல் டேவிட். இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனார்கள். பதினோரு வயசில் பஞ்சாலை மிஷினில் மாட்டி அந்தப் பையன் வலது கையை இழந்தான். வளர்ந்து, ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்து, ஏழு வருஷம் கடுங்காவல் சிறையில் கிடந்து, 1877 கடைசியில் வெளியே வந்தார்.

அவர் வந்த நேரம் அயர்லாந்தில் தொடர்ந்து மழையால் வெள்ளாமை கெட்டுப்போயிருந்தது. அமெரிக்கத் தானியம் வந்து இறங்கியதால் விலையும் விழுந்துவிட்டது. குத்தகை மட்டும் குறையவில்லை. 1879 ஏப்ரல் 20-ஆம் தேதி மேயோவில் ஐரிஷ்டவுன் என்ற கிராமத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் கூடினார்கள். குத்தகையைக் குறை என்றார்கள். அந்த எஸ்டேட்டில் குத்தகை குறைந்தது! செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி நிலச் சங்கம் தொடங்கினார்கள். தலைவர் சார்லஸ் பார்னல். அவரே ஒரு நிலப்பிரபு. ஆனால் விவசாயி பக்கம் நின்றார்.

கோரிக்கை மூன்று. நியாயமான குத்தகை வேண்டும். குத்தகை கட்டும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. உழுதவர் தன் குத்தகை உரிமையையும் செய்த மராமத்தையும் விற்றுக்கொள்ள உரிமை வேண்டும். கடைசியில் உழுதவனுக்கே நிலம் சொந்தமாக வேண்டும். இவ்வளவுதான்.

காரியஸ்தர் பாய்காட்டின் கதி

1880 செப்டம்பரில் பார்னல் ஒரு கூட்டத்தில் வழி சொன்னார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனை அடிக்க வேண்டாம், சுட வேண்டாம். கடையில், தெருவில், கோயிலில் யாரும் அவனோடு பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார். சில நாளிலேயே அதற்குச் சோதனை வந்தது.

மேயோவில் எர்ன் பிரபு என்பவரின் சுமார் 1,500 ஏக்கர் நிலத்துக்கு காப்டன் சார்லஸ் பாய்காட் காரியஸ்தர். குத்தகைக்காரர்கள் நூற்றுக்கு 25 குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10-தான் குறைப்பேன் என்றார். வெளியேற்றும் நோட்டீஸைக் கொடுக்க அமீனா போலீசோடு வந்தார். கிராமத்துப் பெண்கள் திரண்டு கல்லும் சேறும் சாணியும் வீசி விரட்டிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து பாய்காட் வீட்டு வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். துணி வெளுப்பவர் வரவில்லை. கொல்லர் லாடம் அடிக்கவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வயலில் விளைந்து கிடந்த பயிரை எடுக்க ஒரு ஆள் இல்லை.

அரசாங்கம் சும்மா இருந்ததா? பாய்காட்டின் ஆதரவாளர்கள் வேறு மாவட்டங்களிலிருந்து 50 ஆட்களை அறுவடைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த 50 பேருக்குக் காவலாக அரசாங்கம் ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களையும் போலீசாரையும் இறக்கியது. 500 பவுண்டு பெறுமான பயிரை அறுக்க ஆன செலவு சுமார் 10,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள்! வேலை முடிந்ததும் 1880 டிசம்பரில் பாய்காட் நாட்டை விட்டே போய்விட்டார். பெயர் மட்டும் நின்றது. 1905-இல் வங்காளப் பிரிவினையை எதிர்த்து நம் நாட்டில் அந்நியத் துணி பகிஷ்காரம் நடந்தபோது இந்தச் சொல்லும் கூடவே வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் ஊரை விட்டுத் தள்ளிவைப்பது என்று ஒரு கொடுமை உண்டு. சேரி ஜனங்களுக்குக் கடையில் சாமான் இல்லை, வயலில் வேலை இல்லை, தண்ணி இல்லை என்று கட்டுப்பாடு போடுவது. அதையும் இதையும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே விலக்கியது 1,500 ஏக்கரின் அதிகாரத்தை. இங்கே விலக்குவது ஒரு சென்ட்கூட இல்லாத ஏழையை. மேலே இருப்பவனுக்கு எதிராக எடுத்தால்தான் அது போராட்டம். கீழே இருப்பவன் தலையில் போட்டால் அது வெறும் ஆதிக்கம்.

சிறையிலிருந்து வந்த அறிக்கை

போராட்டத்தைக் கண்டு பயந்த அரசாங்கம் இரண்டு காரியம் செய்தது. ஒரு கையில் லத்தி, ஒரு கையில் சலுகை. 1881-இல் விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கச் சட்டம் போட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் நிலச் சட்டமும் போட்டது. குத்தகையைத் தீர்மானிக்கத் தனி நிலக் கோர்ட் வந்தது. அந்தக் கோர்ட் நிர்ணயித்த குத்தகை 15 வருஷத்துக்கு மாறாது. சராசரியாக நூற்றுக்கு 20 வரை குத்தகை குறைந்தது. இது விவசாயிகள் வாங்கிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு? பாக்கி இல்லாதவர்களுக்கு! பாக்கி வைத்திருந்த பரம ஏழைக்கு அந்தக் கோர்ட் வாசல் திறக்கவில்லை.

அக்டோபரில் பார்னலைச் சிறையில் போட்டார்கள். அங்கிருந்து தலைவர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். இனி யாரும் எந்தக் குத்தகையும் கட்டாதீர்கள்! இரண்டே நாளில் நிலச் சங்கம் தடை செய்யப்பட்டது.

என்ன ஆச்சு? அறிக்கை எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை? ஊர் ஊராகக் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை அது. மேலேயிருந்து வந்த கட்டளை. கோர்ட்டுக்குப் போனால் குத்தகை குறையும் என்ற ஆசையும் பலருக்கு இருந்தது. பிஷப்புகளும் எதிர்த்தார்கள். எல்லாவற்றையும்விட, வெளியேற்றினால் எங்கே போவது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. 1880-இல் வெளியேற்றப்பட்டவை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். 1882-இல் ஐயாயிரத்துக்கு மேல். கட்டாதே என்று சொல்வது சுலபம். கட்டாதவன் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்போது பக்கத்தில் நிற்பது யார்?

பெண்கள் தூக்கிச் சென்ற குடிசைகள்

நின்றவர்கள் பெண்கள்! ஆண் தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போனால் யார் நடத்துவது என்று டேவிட் முன்கூட்டியே யோசித்தார். அவர் யோசனைப்படி 1881 ஜனவரியில் பெண்கள் நிலச் சங்கம் உண்டானது. பார்னலின் தங்கை அன்னா பார்னல் அதை நடத்தினார். பெண்கள் பொதுமேடை ஏறுவதே தப்பு என்று நினைத்த காலம் அது. பெரிய பாதிரியார்களே கண்டித்து எழுதினார்கள். இவர்கள் காதில் வாங்கவில்லை.

முதலில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? கணக்கு நோட்டுப் போட்டார்கள். எந்த எஸ்டேட், யார் காரியஸ்தர், எத்தனை குடும்பம், எவ்வளவு பாக்கி, என்றைக்கு வெளியேற்றப் போகிறார்கள் என்று கிளைகளிலிருந்து விவரம் வாங்கினார்கள். வெளியேற்றும் நாளில் நேரில் போய் நின்றார்கள். பிறகு குடிசை வேலை. பலகைகளைத் தயார் பண்ணி ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், வெளியேற்றப்பட்ட நிலத்தைப் பார்க்கிற தூரத்தில், ஆதரவான ஒருவரின் இடத்தில் மரக் குடிசையை நிறுத்தினார்கள்.

ஏன் பார்க்கிற தூரத்தில்? அங்கேதான் சூட்சுமம். குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டால் நிலப்பிரபு நிம்மதியாக வேறு ஆளுக்குக் குத்தகை விட்டுவிடுவான். தன் வயலுக்கு எதிரே அந்தக் குடும்பம் பிள்ளை குட்டியோடு உட்கார்ந்திருந்தால், அந்த நிலத்தை வாங்க எவனுக்கும் மனசு வராது. நிலம் தரிசாகக் கிடக்கும். தரிசு நிலத்தில் நிலப்பிரபுவுக்கு என்ன வருமானம்? ஆக அந்தக் குடிசை தர்மத்துக்குப் போட்ட சத்திரம் மட்டுமில்லை, போராட்டத்தின் ஆயுதமும் கூட. அரசாங்கத்துக்கும் இது புரிந்தது. குடிசை போடுவதே மிரட்டல் என்று சொல்லித் தடுத்தது. குடிசை போடப்போன பெண்களைப் பிடித்துச் சிறையில் போட்டது. அதற்கு எடுத்தது எந்தச் சட்டம்? ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ராஜா காலத்துச் சட்டம்!

அன்னா பார்னல் பின்னாளில் இந்தப் போராட்டத்தைப் பற்றிக் கசப்போடு ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்து பல வருஷம் கழித்து 1986-இல்தான் அது அச்சானது. அவர் சொன்ன குறை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. நிலச் சங்கம் வெளியே குத்தகை மறுப்பு என்று பேசியது. ஆனால் பலரும் கடைசி நிமிஷம்வரை முரண்டு பிடித்துவிட்டு, போலீஸ் வந்து நின்றதும் குத்தகையைக் கட்டிவிட்டார்கள். கோர்ட் செலவைச் சங்கம் கொடுத்தது. சேர்த்த பணம் இப்படி வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் கரைந்தது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு வீடு போடவும் சோறு போடவும் போக வேண்டிய பணம் அது!

1882 மே மாதம் பார்னல் அரசாங்கத்தோடு சமரசம் பண்ணி வெளியே வந்தார். சிறு குத்தகைக்காரர்களின் பாக்கியைத் தள்ள ஒரு சட்டம் வந்தது. அது நல்லதுதான். ஆனால் வெளியே வந்த ஆண் தலைவர்கள் செய்த காரியம் என்ன? பெண்கள் சங்கத்தைக் கலைக்க வைத்தார்கள். சுமை தூக்கப் பெண்கள் வேண்டும், முடிவெடுக்க வேண்டாம்! இந்தப் புத்தி நம் சங்கங்களில் இல்லையென்று மார்தட்ட முடியுமா?

பொதுப் பெட்டி

1886-இல் மறுபடி விலை விழுந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி இறங்கினார்கள். 'போராட்டத் திட்டம்' என்று அதற்குப் பெயர். அக்டோபர் 23-ஆம் தேதி பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஜான் டில்லன், வில்லியம் ஓபிரையன் இருவரும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

முறை எளிமையானது. ஒரு எஸ்டேட்டின் குத்தகைக்காரர்கள் எல்லாரும் கூடி, இந்த வருஷ விளைச்சலுக்கும் விலைக்கும் எது நியாயமான குத்தகை என்று தீர்மானிப்பார்கள். ஒரே கும்பலாகப் போய் அந்தத் தொகையைக் காரியஸ்தரிடம் நீட்டுவார்கள். தனியாக யாரும் பேச மாட்டார்கள். வாங்கிக்கொண்டால் சரி. மறுத்தால் பணம் வீட்டுக்குத் திரும்பாது! அப்படியே பொதுப் பெட்டிக்குப் போகும். அந்தப் பணத்தில்தான் வெளியேற்றப்பட்டவர்களுக்குச் சோறும் கூரையும்.

இதில் இருக்கிற புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். கட்ட மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நியாயமானதைக் கட்டுவோம் என்றார்கள். பணத்தைக் காட்டினார்கள். ஊரில் யாரும் அவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியவில்லை. பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் நடுவழியில் ஓடிப்போகவும் யாருக்கும் ஆசை வரவில்லை. சுமார் இருநூறு எஸ்டேட்டுகளில் இது நடந்தது. பல இடங்களில் நிலப்பிரபுக்கள் சண்டையில்லாமலே இறங்கி வந்தார்கள்.

இறங்காத இடங்களில் ரத்தம் சிந்தியது. 1887 ஜனவரியில் கெர்ரி மாவட்டம் கிளென்பேயில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஜூனில் கிளேர் மாவட்டம் போடைக்கில் ஒவ்வொரு வீட்டிலும் கதவை அடைத்துக்கொண்டு, வந்த போலீஸ்மேல் பெண்கள் வெந்நீரை ஊற்றினார்கள். செப்டம்பர் 9-இல் மிச்செல்ஸ்டவுன் கூட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். 1888-இல் கில்ரஷ் பக்கம் பெரிய மரத்தடியைச் சங்கிலியில் தொங்கவிட்டு வீட்டுச் சுவரை இடித்தார்கள். அதே வருஷம் போப்பாண்டவரே இந்தத் திட்டம் பாவம் என்று கண்டித்தார். பக்தியுள்ள ஜனங்கள்தான். ஆனால் போராட்டத்தை விடவில்லை.

கைக்கு மீறிக் கட்டிய ஊர்

கூரை போட்டால் போதும், ஜெயித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அதற்கும் அயர்லாந்தில் ஒரு பாடம் இருக்கிறது.

ஸ்மித் பாரி என்ற நிலப்பிரபு மற்ற நிலப்பிரபுக்களைச் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தார். போராட்டத்தில் தள்ளாடிய இன்னொரு எஸ்டேட்டை அந்தக் கூட்டணி வாங்கியது. விவசாயிகள் ஒன்றுசேர்ந்தால் அவர்களும் ஒன்றுசேர மாட்டார்களா? ஸ்மித் பாரிக்கு டிப்பரரி என்ற நகரத்திலும் ஏகப்பட்ட சொத்து. 1889-இல் அங்கிருந்த குடித்தனக்காரர்கள், கடைக்காரர்கள், தங்களுக்கு நேராகப் பிரச்சினை இல்லாவிட்டாலும், அந்த எஸ்டேட் விவசாயிகளுக்கு ஆதரவாக வாடகை கட்டுவதை நிறுத்தினார்கள். எவ்வளவு பெரிய மனசு! வெளியேற்றம் தொடங்கியது. உடனே ஊருக்கு வெளியே, ஸ்மித் பாரிக்குச் சொந்தமில்லாத நிலத்தில், புது டிப்பரரி என்று ஒரு ஊரையே கட்டினார்கள். வீடுகள், கடைகள், மார்க்கெட். 1890 ஏப்ரலில் திறப்பு விழா.

ஒரு வருஷம் ஆவதற்குள் தள்ளாடியது. பல்லாயிரம் பவுண்டு செலவு. பணம் வந்தது ஊர் ஜனங்களின் பெட்டியிலிருந்து இல்லை. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் தலைவர்கள் மூலமாக வந்தது. 1890 டிசம்பரில் ஒரு விவாகரத்து வழக்கில் பார்னல் பெயர் அடிபட்டு, கட்சி இரண்டாக உடைந்தது. தலைவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் நின்றுபோனது. பாவம், கடைக்காரர்கள் பழைய இடத்துக்கே திரும்பிப்போய் ஸ்மித் பாரியிடம் சமாதானம் பேசினார்கள். அன்று போட்ட தெருக்களில் சில இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான். பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் குடிசையை ஊர்ப் பணத்தில் போட்டால், தலைவன் போனாலும் குடிசை நிற்கும். தலைவனை நம்பி ஊரையே கட்டினால், தலைவன் சறுக்கும்போது ஊரும் சறுக்கும்.

கடைசியில் கிடைத்தது என்ன?

தோல்விகளோடு முடியவில்லை. இந்த ஜனங்களை இனி பழைய மாதிரி ஆள முடியாது என்று அரசாங்கத்துக்கு உறைத்தது. 1903-இல் வின்ட்ஹம் சட்டம் வந்தது. நிலப்பிரபுவிடமிருந்து குத்தகைக்காரர் நிலத்தை வாங்க அரசாங்கமே கடன் கொடுத்தது. அறுபத்தெட்டரை வருஷத் தவணை. பெரும்பாலும் வருஷத் தவணை பழைய குத்தகையைவிடக் குறைவு! அயர்லாந்தில் வெள்ளைக்கார ஆட்சி முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகைக்காரர்கள் நிலச் சொந்தக்காரர் ஆனார்கள். 1907-இல் இன்னொரு சட்டம், போராட்டத்தில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்க வழி செய்தது. இருபது வருஷம் காத்திருந்தவர்களும் அதில் உண்டு. 1932-இல் புதிய அயர்லாந்து அரசு அந்தத் தவணையை லண்டனுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. ஆறு வருஷ வர்த்தகச் சண்டைக்குப் பிறகு 1938-இல் ஒரு கோடி பவுண்டோடு கணக்கு தீர்ந்தது.

ஆனால் ஒரு கூட்டம் எப்போதும் கடைசியில் நின்றது. நிலமே இல்லாத கூலித் தொழிலாளர்கள். பாய்காட் வீட்டு வேலையை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள்தான். வேலையை விட்டால் அன்றைய கூலி போகும் என்று தெரிந்தே வெளியேறினார்கள். குத்தகை குறைந்தபோது அவர்களுக்கு என்ன கிடைத்தது? நிலம் கைமாறியபோது என்ன கிடைத்தது? 1883-இல் கூலிக்காரர் வீட்டுச் சட்டம் ஒன்று வந்தது. ஒரு வீடு, கூடவே அரை ஏக்கர் தோட்டம். அந்த அரை ஏக்கரைத் தங்கள் நிலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று பல இடங்களில் எதிர்த்தவர்கள் யார்? நேற்றுவரை நிலப்பிரபுவை எதிர்த்துப் போராடிய விவசாயிகளே! கூலித் தொழிலாளர்கள் 1894-இல் தனிச் சங்கம் கண்டார்கள். 1906-இல் இன்னொரு சட்டம் வாங்கினார்கள். 1914-க்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளாட்சி மன்றங்கள் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தன. கல் கட்டடம், ஓட்டுக் கூரை, பின்னால் தோட்டம். யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. கேட்டு வாங்கினார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

அயர்லாந்து வேறு, நம் ஊர் வேறு. சட்டம் வேறு, காலமும் வேறு. அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் கோயில் நிலமோ, மடத்து நிலமோ, தனியார் நிலமோ, குத்தகைக்கு உழுகிறவனுக்கும், கடன் பாக்கிக்கு ஜப்தி நோட்டீஸ் வாங்கியவனுக்கும் ராத்திரி தூக்கம் கெடுவது ஒரே காரணத்தால்தான். வீடு போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் வைக்காத எந்தத் தீர்மானமும் காகிதத்தோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் தீர்மானம் போடுவதற்கு முன்னால் இந்த வேலைகளை முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. கணக்கு நோட்டு. எந்தக் குடும்பம், எவ்வளவு நிலம், எவ்வளவு பாக்கி, எந்த நோட்டீஸ் எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வையுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வெறும் வாய்ப்பேச்சை வைத்துக் கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம்.

2. பொதுப் பெட்டி. இந்த வருஷ விளைச்சலுக்கு எது நியாயம் என்று ஊரே கூடித் தீர்மானியுங்கள். அந்தத் தொகையைச் செலவழித்துவிடாமல் வக்கீலைக் கேட்டுத் தனிக் கணக்கில் போடுங்கள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவன் பேச்சு அம்பலம் ஏறும்.

3. கூரை. மூங்கிலும் கீற்றும் தார்ப்பாயும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். குடிசை போட யார் பட்டா இடம் கொடுப்பார் என்று இன்றே பேசி முடியுங்கள். அதுவும் அந்த ஊரிலேயே, தன் வயலைப் பார்க்கிற தூரத்தில். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று வாரா வாரம் எடுத்து வைத்தால் ஒரு குடும்பத்தை ஊர் தாங்கும்.

4. பெண்கள். கூட்டத்துக்குக் கும்பல் சேர்க்க மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். நோட்டும் பெட்டியும் அவர்கள் கையில் இருக்கட்டும். கமிட்டியில் பாதிப் பேர் அவர்களாக இருக்கட்டும்.

5. கூலித் தொழிலாளர்கள். அவர்களின் வீட்டுமனைக் கோரிக்கையை நம் கோரிக்கைகளோடு சேர்த்து, முதல் வரிசையில் எழுதுங்கள். நாளைக்கு நமக்காக வேலையை விட்டு வெளியே வரச் சொல்ல வேண்டியவர்களிடம், இன்றைக்கு அவர்களுக்காக நாம் என்ன செய்தோம் என்று சொல்ல நமக்கு ஒரு பதில் வேண்டாமா?

இதையெல்லாம் செய்து முடித்த கிளை முழக்கம் போடட்டும். அந்த முழக்கத்துக்கு அமீனாவும் நடுங்குவான், அவனை அனுப்பியவனும் நடுங்குவான்.

பெட்டியை நிரப்புவோம்!
கூரையைத் தயார் செய்வோம்!
வெளியேற்றப்பட்ட எவரையும் தெருவில் விட மாட்டோம்!
உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக!